என் கார்டு எண் யார் யாரிடம் இருக்கிறது?

கிரெடிட் கார்டு வழங்கும் வங்கிகளில் கார்டுப் பிரிவை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

பதினான்கு வருடங்களாகக் கிரெடிட் கார்டு வைத்திருப்பவள் எழுதுகிறேன். மாதா மாதம் பில் தொகை முழுவதையும் கெடுவுக்குள் கட்டிவிடுவேன். அந்தக் கார்டைச் செருகி ஏடிஎம்மில் பணம் எடுத்ததில்லை. பெரிய செலவைத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று வரும் அழைப்புகளை எடுப்பதும் இல்லை. வட்டி என்று என்னிடமிருந்து உங்களுக்குச் சல்லிக்காசு வந்ததில்லை. ஆகவே நீங்கள் ஆசைப்படும் ரக வாடிக்கையாளர் நான் இல்லை என்று தெரியும். (நான் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கிறீர்கள், அந்த வகையில் நான் முழு நஷ்டமும் இல்லை.) புகார் சொல்லும் பழக்கமும் எனக்குக் குறைவு. ஆனால் சென்ற வருடம் நடந்த ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரயிலில் பர்ஸைத் தொலைத்தேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நடைமேடையிலேயே நின்று போனில் வங்கியின் ஆப்பைத் திறந்து, 'கார்டு தொலைந்துவிட்டது' என்பதை அழுத்தி, ஓடிபி போட்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, கார்டு பிளாக் ஆகிவிட்டது. அதற்கான பதிவு எண்ணும் வந்தது. இதை மனதாரப் பாராட்டுகிறேன். தகவல் சொன்ன பிறகு நடக்கும் திருட்டுச் செலவு கார்டுதாரர் தலையில் விழாது என்பது பல நாடுகளில் விதி. அந்த இரண்டு நிமிடத்தின் அருமை எனக்குத் தெரியும். புதிய கார்டு ஆறாம் நாள் வீடு வந்து சேர்ந்தது. பின் எண் தனியாக வந்தது. இரண்டும் ஒரே கையில் சிக்கிவிடக் கூடாதே, அதுவும் சரிதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அது ஒவ்வொன்றாக வந்தது.

பிளாக் செய்த அன்று மாலையே அம்மா கூப்பிட்டார். மருந்துக் கடையில் நிற்கிறார், கார்டு வேலை செய்யவில்லை, பின்னால் வரிசையில் ஆட்கள். அம்மாவிடம் இருப்பது என் கணக்கில் வாங்கிக் கொடுத்த துணைக் கார்டு. பெயர் அவருடையது என்றாலும் எண் என்னுடையதேதான். என் எண் செத்ததும் அதுவும் செத்துப்போனது. வேறு சில வங்கிகளில் துணைக் கார்டுக்குத் தனி எண் உண்டு, அங்கே இந்தத் தொல்லை இல்லையாம். என் வங்கியில் எப்படி என்பதை விண்ணப்பித்த நாளில் யாரும் சொல்லவில்லை, பிளாக் செய்யும்போதும் ஆப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'இந்த எண்ணில் இன்னொரு கார்டும் இருக்கிறது, அதுவும் நிற்கும்' என்று ஒரு வரி வந்திருந்தால் அம்மாவை அந்த வரிசையில் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அப்புறம் சந்தா. வீடியோ தளம் ஒன்றில் எப்போதோ சேர்ந்து, பார்ப்பதை நிறுத்தி, ரத்து செய்யச் சோம்பல்பட்டு மாதா மாதம் கட்டிக்கொண்டிருந்தேன். கார்டு தொலைந்தபோது உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி: சரி, இனி அது தானாக நின்றுவிடும். நிற்கவில்லை. அடுத்த பில்லில் புதிய கார்டில் வந்து உட்கார்ந்திருந்தது. புதிய எண்ணை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கார்டு வந்த உறையைக்கூட அப்போதுதான் பிரித்திருந்தேன்.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று நடந்தது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் அதே கார்டில்தான் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அது போகவில்லை. காப்பீட்டு நிறுவனம் பழைய எண்ணில் வசூலிக்கப் பார்த்திருக்கிறது, முடியவில்லை, ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அந்த மின்னஞ்சல் விளம்பரக் குப்பைக்குள் போய்ச் சேர்ந்தது. சலுகைக் காலமும் முடிந்து பாலிசி காலாவதியானது. மறுபடி எடுக்கப் புதிதாக மருத்துவப் பரிசோதனை, புதிதாகக் காத்திருப்புக் காலம்.

வேண்டாத சந்தா மோப்பம் பிடித்துப் புதிய கார்டுக்கு வந்துவிட்டது. வேண்டிய பாலிசி வழி தெரியாமல் நின்றுவிட்டது. ஒரே கார்டு, ஒரே வாரம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் குறையில்லை.

"புதிய எண் அந்தத் தளத்துக்கு எப்படிப் போனது?"

"அது சிஸ்டமே பண்றது மேடம்."

"அப்படியென்றால் காப்பீட்டுக்கு ஏன் போகவில்லை?"

"அதை நீங்கதான் அவங்ககிட்ட கேக்கணும்."

"சரி, என் பழைய எண் யார் யாரிடம் இருந்தது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?"

கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. திரும்பி வந்தார். "அந்த மாதிரி வசதி இல்ல மேடம். யார்கிட்ட குடுத்தீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். பதினான்கு வருடத்தில் எங்கெங்கே 'கார்டைச் சேமித்து வை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன் என்று யாருக்கு நினைவிருக்கும்? அடித்தது பாதி, எடுக்க மறந்தது மீதி, அந்தக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்ற கார்டுதாரர்களுக்காகச் சொல்கிறேன். கார்டு மாறும்போது 'இந்தப் பழைய எண்ணுக்குப் பதில் இனி இந்தப் புதிய எண்' என்று வணிகர்களுக்குத் தெரிவிப்பதற்கென்றே விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குகள் ஒரு சேவை நடத்துகின்றன. வங்கி தகவலைக் கொடுக்கிறது. அந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் வணிகர் தன் பதிவைத் திருத்திக்கொள்கிறார். சேராதவருக்குப் பழைய எண்தான். இன்னும் சில இடங்களில் வணிகரிடம் கார்டு எண்ணே இருக்காது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண் இருக்கும். அடியில் கார்டு மாறினாலும் டோக்கனை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய கார்டோடு அதை முடிச்சுப் போட்டுவிட முடியும். போனைத் தட்டிப் பணம் கட்டும் வசதி ஓடுவதும் டோக்கனில்தான். புதிய பிளாஸ்டிக் கைக்கு வருவதற்கு முன்பே போனில் புதிய கார்டை ஏற்றிக் கொடுக்கும் வங்கிகள் இருப்பதும் அதனால்தான்.

சிவிவி இல்லாமல் எப்படிப் பணம் எடுத்தார்கள் என்று என் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கார்டின் பின்னால் இருக்கும் அந்த மூன்று இலக்கத்தை, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு எந்த வணிகரும் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டுத் துறையின் பாதுகாப்பு விதி. அதனால் முதல் தடவை மட்டும் கேட்பார்கள். அதற்கடுத்த மாதங்களில் 'இவர் ஏற்கெனவே சம்மதம் சொன்னவர்' என்ற குறியோடு வசூல் வரும், நீங்கள் அனுமதிப்பீர்கள்.

அந்தக் குறியைத்தான் பிடித்துக்கொள்கிறேன். சேமித்து வைத்த கார்டில் வரும் வசூல், சந்தாவாகத் திரும்பத் திரும்ப வரும் வசூல் இதற்கெல்லாம் தனி அடையாளம் உண்டு. அந்த அடையாளம் உங்கள் கணினிக்கு வந்துதான் போகிறது. என் கார்டின் மேல் எத்தனை டோக்கன் இருக்கிறது என்பதும் பதிவாகித்தான் இருக்கும். பட்டியல் தர முடியாது என்று உங்கள் ஊழியர் சொன்னது, அவர் திரையில் அது இல்லை என்பதால். உங்களிடம் இல்லை என்பதால் அல்ல. சில வங்கிகள் தங்கள் ஆப்பில் இதைக் காட்டவே செய்கின்றன, வேண்டாதவற்றை அங்கேயே நிறுத்தவும் விடுகின்றன. அதனால் முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கார்டின் எண்ணையே எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் 16 இலக்கம். முதல் எட்டு உங்களைக் குறிக்கிறது: எந்த நெட்வொர்க், எந்த வங்கி, என்ன வகைக் கார்டு. முன்பெல்லாம் இது ஆறு இலக்கமாக இருந்தது, போதாமல் எட்டாக நீட்டிவிட்டார்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்து 1960-இல் காப்புரிமை பெற்ற கணக்கு அது. தட்டச்சும்போது ஒரு இலக்கம் தப்பினாலும் வலைத்தளம் உடனே 'எண் தவறு' என்று சொல்கிறதே, வங்கியைக் கேட்டுச் சொல்வதில்லை, இந்தக் கணக்கைப் போட்டுத்தான் சொல்கிறது. ஆக நடுவில் இருக்கும் ஏழு இலக்கம்தான் நான். அந்த ஏழும் எங்கெங்கே போய் வருகிறது என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஏழு எப்போது மாறும், எப்போது மாறாது என்பதையும் நீங்கள் சொல்வதில்லை. காலாவதியாகிப் புதுப்பித்து வரும் கார்டில் பெரும்பாலும் எண் அதேதான். தேதியும் சிவிவியும்தான் மாறும். தொலைந்தது, திருடு போனது என்றால் எண்ணே மாறும், மாற வேண்டும். சிப் தேய்ந்தது, கார்டு உடைந்தது என்றால் பழைய எண்ணிலேயே கொடுக்கும் வங்கிகள் நிறைய. என் தம்பியின் கார்டில் சிப் தேய்ந்து, மெஷினில் மூன்று தடவை செருகினால் ஒரு தடவை எடுக்கும். ஆப்பில் 'கார்டை மாற்று' என்று போனவன், 'தொலைந்தது', 'பழுதானது' இரண்டில் முதலாவதை அழுத்திவிட்டான். எப்படியும் புது கார்டு வரப்போகிறது, எதை அழுத்தினால் என்ன என்ற எண்ணம். எண் மாறிவிட்டது. மின்சாரக் கட்டணம், போன் கட்டணம், இணையக் கட்டணம் எல்லாவற்றுக்கும் மறுபடி போய்ப் புது எண் கொடுத்துக்கொண்டிருந்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. அந்தப் பொத்தானுக்குக் கீழே 'இதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் எண் மாறும்' என்று எழுத எத்தனை நேரம் ஆகும்?

தம்பியைப் பற்றிச் சொன்னதால் அவன் முதல் விண்ணப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் விண்ணப்பித்தான். 'எங்கள் உள் விதிமுறைகளின்படி ஏற்க இயலவில்லை' என்று பதில். காரணம் தெரியாததால் அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று இரண்டு வாரத்தில் நான்கு இடங்களில் போட்டான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வங்கி அவனுடைய கடன் வரலாற்றைக் கேட்டுப் பார்க்கும், அந்த விசாரணை அதிலேயே பதிவாகும். குறுகிய காலத்தில் இப்படி வரிசையாக விழுந்தால், கடனுக்கு அலைகிற ஆள் என்ற தோற்றம் வரும், மதிப்பெண் குறையும். கடைசியில் தெரிந்த காரணம், அவன் இதுவரை கடனே வாங்கியதில்லை என்பது. கடன் வாங்காதவனை நம்பிக் கடன் தர முடியாதாம். இருக்கட்டும், உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வைப்புத்தொகையை ஈடாக வைத்து அதற்கு எதிராகக் கொடுக்கும் கார்டு உங்களிடமே இருந்ததே. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் வரலாறு உருவாகிவிடும். மறுப்புக் கடிதத்தில் அதை ஒரு வரி எழுதியிருந்தால் முதல் வங்கியோடு நின்றிருப்பான்.

அப்படி விண்ணப்பித்து மறுக்கப்படுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, கேட்காதவர்களுக்கு லிமிட்டை உயர்த்தித் தருகிறோம் என்று தினமும் அழைப்பு வருகிறது. இது உங்கள் தொழிலின் பழைய வழக்கம்தான் போலிருக்கிறது. 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 கார்டுகளை, யாரும் விண்ணப்பிக்காமலே, வீடு வீடாகத் தபாலில் அனுப்பியது. மோசடியும் வாராக்கடனும் பெருகி வங்கி நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டது. அந்தக் கார்டுதான் பிற்பாடு விசா என்று பெயர் மாறியது. கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று 1970-இல் அந்த நாட்டில் சட்டமே போட வேண்டி வந்தது. அன்றைக்குக் கேட்காமலே மக்களுக்குக் கார்டை அனுப்பினீர்கள், இன்றைக்குக் கேட்காமலே என் கார்டு எண்ணை அடுத்தவருக்கு அனுப்புகிறீர்கள். முன்னதற்காவது தபால்காரர் என்று ஒரு சாட்சி இருந்தார்.

அதற்காக அந்தச் சேவையையே இழுத்து மூடச் சொல்லவில்லை. கார்டு மாறிய பிறகும் மின்சாரம் துண்டிக்கப்படாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்கு அது வரம். காப்பீட்டு நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தால் இந்த மடலில் பாதி இருந்திருக்காது. என் எண்ணை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று எனக்கும் சொல்லிவிட்டு அனுப்புங்கள் என்கிறேன்.

பில் விஷயத்திலும் இதே கதைதான், உங்களுக்குத் தெரிந்த கணக்கு எங்களுக்குத் தெரிவதில்லை. 'குறைந்தபட்சத் தொகை' என்று பெரிய எழுத்தில் ஒரு எண் போடுகிறீர்கள். அதை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 100. வட்டி சேர்ந்து 103 ஆகிறது. அதில் 5 சதவீதம், 5.15 கட்டுகிறோம். மிச்சம் 97.85. கட்டியது ஐந்தேகால் போல, கடன் குறைந்தது இரண்டு சொச்சம். இப்படியே, புதிதாக எதுவும் வாங்காமல், ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிக்கொண்டே போனால் அந்த 100 பாதியாக 32 மாதம் ஆகிறது. அதற்குள் கட்டி முடித்தது 120. வாங்கியதற்கு மேலேயே கட்டியாயிற்று, ஐம்பது இன்னும் அப்படியே நிற்கிறது. மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 தானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. வட்டி குட்டி போடுமே, 42.6 வரும்.

போதாததற்கு, பாக்கி வைத்துவிட்டால் வட்டியில்லாக் காலமும் போய்விடுகிறது. அடுத்து வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். இதெல்லாம் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் படிக்கலாம். அமெரிக்காவில் 2009-இல் வந்த கிரெடிட் கார்டு சட்டம், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும், மொத்தம் எவ்வளவு கட்ட நேரும் என்பதை மாதாந்திர பில்லிலேயே அச்சிடச் சொல்கிறது. சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று என்ன இருக்கிறது? நான் ஒரு பேனாவும் பில்லின் பின்பக்கமும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

என் தோழி ஒருத்தி பல மாதம் பாக்கி சுமந்து, போனஸ் வந்ததும் பில்லில் இருந்ததை ஒரே மூச்சில் கட்டி, கத்தரிக்கோலை எடுத்துக் கார்டை நான்கு துண்டாக வெட்டிப் போட்டாள். விடுதலை. அடுத்த மாதம் மறுபடி ஒரு பில். பில் தயாரான நாளுக்கும் அவள் பணம் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அது. கார்டு போய்விட்டது என்ற நினைப்பில் அவள் அந்த மின்னஞ்சலைத் திறக்கவில்லை. சின்னத் தொகைக்குத் தாமதக் கட்டணம், அதற்கும் வட்டி. கார்டை வெட்டினால் கணக்கு மூடாது என்பது அவளுக்குத் தெரியவில்லை, அவள் மேலும் தப்பு உண்டு. ஆனால் 'கணக்கை மொத்தமாகத் தீர்க்க இன்றைய தேதிக்கு எவ்வளவு' என்று ஒரு எண்ணை ஆப்பில் காட்டியிருந்தால் அன்றே அதையும் சேர்த்துக் கட்டியிருப்பாள்.

அதனால் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. கார்டை மாற்றும் திரையில், பிளாக் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, மூன்று தகவல் வேண்டும்: இதனால் என் எண் மாறுமா, இதே எண்ணில் வேறு யாருடைய கார்டும் நிற்குமா, என் எண்ணோ டோக்கனோ யார் யாரிடம் இருக்கிறது. அந்தப் பெயர்களுக்கு எதிரே, புதிய எண் போய்ச் சேரும், சேராது என்று குறித்திருக்க வேண்டும். வேண்டாததை நான் அங்கேயே நிறுத்திவிட முடிய வேண்டும். அவசரத்தில் பிளாக் செய்கிறவர் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டார் என்பது உண்மை. முதலில் பிளாக் செய்யுங்கள், பட்டியலைப் பிறகு அனுப்புங்கள். புதிய கார்டை ஒட்டி அனுப்பும் அந்தத் தாளில், ஆண்டு முழுக்கச் சலுகை என்று நான்கு வண்ணத்தில் அச்சடிக்கும் இடத்தில், இதை அச்சடித்தாலும் போதும்.

இப்போதைக்கு நானே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். பழைய ஸ்டேட்மென்ட்களைப் பின்னோக்கிப் படித்து, மின்னஞ்சலில் ரசீது தேடி, மூன்று இரவு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினேன். இதுவரை பதினோரு இடம். ஒன்று, நான் ஆறு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு புத்தகம் வாங்கிய கடை. இன்னொன்றின் பெயரைப் பார்த்தால் எதற்காகக் கொடுத்தேன் என்றே நினைவில்லை. பன்னிரண்டாவது இருக்கிறதா என்று என் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, உங்கள் திரையைப் பார்த்துச் சொல்லலாம். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நடுவில் இருக்கும் ஏழு இலக்கம்